உங்களுக்குத் தெரியுமா? சேலத்து மண்ணும் விமான நிலையக் கூரையும்

★ சேலம் விமான நிலையம் சேலம் நகரத்துக்குள் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போய், ஓமலூரைத் தாண்டினால் வரும் காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு விமானம் வந்த ஆண்டுகளைவிட வராத ஆண்டுகளே அதிகம். 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, சில காலத்தில் நின்றது. 2018 மார்ச் 25 அன்று சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்த பிறகுதான் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று பலகையில் நான்கு ஊர்ப் பெயர்கள் ஏறின.

★ காமலாபுரம் ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது; எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.டி.ஆர். 72 விமானத்துக்குப் போதும். அதனால் இங்கே ஒரு நேரத்தில் கூடும் கூட்டம் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்துக் கூட்டத்தைவிடக் குறைவுதான். வடிவமைப்பவருக்கு இது பெரிய வசதி என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கானோரைக் கையாளும் நிலையத்தில் ஊரின் முகத்தைக் காட்டுவது கடினம். சின்னக் கட்டடத்தில் ஒரு தூண், ஒரு திண்ணை, ஒரு சன்னல்கூடப் பயணியின் கண்ணில் படும்.

★ ஓடுதளத்தின் முனைகளில் பெரிதாக எழுதியிருக்கும் எண்கள் திசையைச் சொல்பவை. காந்த வடக்கிலிருந்து அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து எழுதுவார்கள். காமலாபுரத்தில் ஒரு முனையில் 04, மறுமுனையில் 22. அதாவது ஓடுதளம் வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. நமக்கு மழை கொண்டுவரும் இரண்டு பருவக்காற்றுகளின் பெயரிலும் இருப்பவை அதே திசைகள்தாம். விமானம் காற்றை எதிர்த்து ஏறுவதும் இறங்குவதும்தான் நல்லது என்பதால், ஓடுதளம் போடும்போதே ஊரின் காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஓடுதளத்துக்கு இணையாக டெர்மினலை வைத்தால் அதன் நீளச் சுவர்கள் தென்கிழக்கும் வடமேற்கும் பார்க்கும். வடமேற்குச் சுவரைக் கண்ணாடியால் எழுப்பினால், சித்திரை, வைகாசி மாதங்களின் மாலை வெயில் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

★ சேலத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 20-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த கண்ணாடியில் வெயிலே விழாது என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருப்பது 11.7 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்குப் பொருந்தாது. இங்கே எல்லாப் பக்கமும் தாழ்வாரம் வேண்டும்.

★ சூரியனைக் கணக்குப் போட்டுக் கட்டும் வித்தை இந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஓமலூரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மேற்குப் பார்த்தது. மாசி மாதத்தில் சில நாள் மாலையில் சாயும் கதிர் வாயில்களைக் கடந்து, நந்தியைத் தாண்டி, கருவறை லிங்கத்தின் மேல் விழும். அதைக் காண அந்த நாள்களில் கூட்டம் கூடும்.

அதே கோயிலில் இன்னொரு அதிசயம் உண்டு. ஒரு தூணில் வில்லோடு ராமன். வேறொரு தூணில் வாலி. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியின் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். நடுவில் உள்ள தூண்களை எந்த இடைவெளியில் நிறுத்தினால் ஒருவர் கண்ணுக்கு வழி திறந்து மற்றவர் கண்ணுக்கு மூடும் என்று, இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பி கணக்கிட்டிருக்கிறார்.

விமான நிலையம் வடிவமைப்பவர் நாள் முழுக்கச் செய்வதும் இந்தப் பார்வைக் கணக்கைத்தான். வாசலில் இறங்கும் பாட்டிக்கு எந்தப் பலகையையும் படிக்காமலே 'செக்-இன்' மேசை தெரிய வேண்டும். அதைத் தாண்டியதும் பாதுகாப்புச் சோதனை தெரிய வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு ஓடுதளத்தின் இரண்டு முனையும் மறைவில்லாமல் தெரிய வேண்டும். டெர்மினலின் எந்த மூலையும் குறுக்கே வரக்கூடாது. சேலத்துக்குப் புதிய டெர்மினல் வரைய வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தாரமங்கலம் போய் அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு முறை நடந்துவிட்டு வரட்டும்.

★ நாமக்கல்லிலும் இப்படி ஒரு பார்வைக் கோடு உண்டு. ஊர் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் நிற்பது ஒரே பாறை. அதன் மேற்குப் பக்கத்தில் எட்டாம் நூற்றாண்டில் குடைந்த நரசிம்மர் குடைவரை. எதிரே, கொஞ்சம் தள்ளி, 18 அடி ஆஞ்சநேயர் நரசிம்மரைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கிறார். அவர் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர்மீதுதான். திறந்த வானத்துக்கும் கட்டடத்தில் ஓர் இடம் கொடுக்கலாம் என்பதை இந்தச் சமவெளி எப்போதோ செய்து பார்த்துவிட்டது.

★ கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீட்டை இன்றும் சில ஊர்களில் பார்க்கலாம். நடுவில் வானம் பார்த்த சதுர முற்றம், நாலா பக்கமும் உள்நோக்கிச் சரியும் நாட்டு ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள், சுற்றிலும் தாழ்வாரம். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் நடு முற்றத்தில் இறங்கும். பகலில் சூடேறிய காற்று மேலே போக, வாசல் பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். சின்ன விமான நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரைபடம் எனக்குத் தெரிந்து இல்லை. வழியனுப்ப வருகிறவர்கள் காத்திருக்கத் திண்ணை. பயணிகளுக்கு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம். எந்திர இரைச்சலும் புகையும் வரும் ஓடுதளப் பக்கம் மட்டும் அடைத்த சுவர்.

★ சுவரே இல்லாத விமான நிலையமும் உலகத்தில் உண்டு. தாய்லாந்தின் கோ சமுய் தீவில், மரக்கூரை போட்ட திறந்த மண்டபங்களில்தான் பயணிகள் காத்திருக்கிறார்கள். சவூதியின் ஜித்தாவில் 1981-ல் ஹஜ் பயணிகளுக்காகத் திறந்த டெர்மினல் 210 கூடாரங்களால் ஆனது. பாலைவனத்துக் கூடாரத்தைக் கண்ணாடியிழைத் துணியில் பெரிதாக்கியிருக்கிறார்கள். பக்கங்கள் திறந்தே இருக்கும். சூடான காற்று கூடாரத்தின் உச்சி வழியாக வெளியேறும். அதன் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். வெயில் என்றால் என்னவென்று அறிந்தவர்.

★ அமெரிக்காவின் டென்வர் நிலையத்துக் கூரை, பின்னால் தெரியும் ராக்கி மலையின் பனிச்சிகரங்கள் போல வெள்ளைத் துணிக் கூம்புகளால் ஆனது. 1995-ல் திறந்தார்கள். அந்தமானில் 2023 ஜூலையில் திறந்த போர்ட் பிளேர் டெர்மினல் சிப்பி வடிவம். பகல் வெளிச்சம் கூரைச் சாளரங்கள் வழியாகவே உள்ளே இறங்குகிறது.

★ நம் மாநிலத்தில் திருச்சி முந்திக்கொண்டது. 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட புதிய டெர்மினலுக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும். முகப்பில் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் சாயல், உள்ளே கோலம், சுவர்களில் வண்ண ஓவியங்கள். 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி டெர்மினல் திறந்தது: 17,340 சதுர மீட்டர், ஏறத்தாழ 450 கோடி ரூபாய், ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள். அதற்கு எடுத்துக்கொண்ட சாயல் செட்டிநாட்டு வீடு. செட்டிநாட்டு வீடு அழகுதான். ஆனால் தூத்துக்குடியில் முத்து இருக்கிறது, சிவந்த தேரி மணல் இருக்கிறது, மழை நின்றதும் சதுரம் சதுரமாக வெளுக்கும் உப்பளம் இருக்கிறது. கண்ணெதிரே இத்தனை கிடக்கும்போது காரைக்குடியிலிருந்து கடன் வாங்கியிருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

★ பெங்களூருவின் இரண்டாம் டெர்மினலை 2022 நவம்பர் 11-ல் திறந்தார்கள். கூரையின் அடிப்பக்கம் முழுக்க மூங்கில், தொங்கும் செடிகள், நடுவே தோட்டம். தோட்ட நகரம் என்ற பெயரைச் சுவரில் படமாக மாட்டாமல் கட்டடத்துக்குள்ளேயே வளர்த்துவிட்டார்கள். கொச்சியோ 1999-ல் கேரளத்துச் சரிவுக் கூரையோடு தொடங்கி, 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது. சேலத்துக்கு இந்த இரண்டும் பாடம்.

★ விமானத்தில் வருகிறவர் ஊரில் முதலில் பார்ப்பது வாசலை அல்ல, கூரையை. சேலம் – நாமக்கல் சமவெளிக்கு மேலே தாழ்ந்து வரும்போது கீழே தெரியும் வெள்ளைச் சதுரங்கள் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஜவ்வரிசி ஆலைகளின் காயவைக்கும் களங்கள் அவை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைப் படியவைத்து, உருட்டி, வறுத்து, சிமென்டுக் களத்தில் கொட்டுவார்கள். மணி மணியாகக் கிடக்கும் அதை வெயில் ஏற ஏறக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேல் மணி காய்ந்து அடி மணி ஈரமாக இருந்தால் சரக்கு கெட்டது. மேகம் திரண்டால் அள்ளிக் குவிக்க ஓடுவார்கள். இந்தத் தொழிலுக்காகவே 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தொடங்கியது. வெள்ளைக் களங்களுக்கு நடுவே டெர்மினலும் ஒரு வெள்ளைக் கூரையாக இறங்கினால் நிலத்தோடு சேரும். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளேயும் குளிரும்.

★ சேலத்தில் வேறொரு வெள்ளையும் உண்டு. நகரத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், சேர்வராயன் மலையடியில் வெள்ளை நரம்போடிய கரடுகள் தெரியும். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணாம்புக் குன்று என்று நினைத்து அப்படியே பெயரும் வைத்தார்கள். உள்ளே இருப்பது மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளின் உள்சுவருக்கு வேண்டிய தீச்செங்கல் செய்ய அது போகிறது.

★ நகரத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையில் கறுப்பு. காந்தத்தை இழுக்கும் மேக்னடைட் இரும்புத்தாது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதியில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது, கண் வைத்தது இந்தச் சேலம் தாதின் மேல்தான். சேலம் உருக்காலை பின்னால் வந்தது: 1970-ல் அடிக்கல், 1982-ல் உற்பத்தி. துருப்பிடிக்காத எஃகுத் தகடும், நாணயம் அச்சிடுவதற்கான வில்லைகளும் அங்கே செய்கிறார்கள். காமலாபுரத்தில் கைப்பிடிக் கம்பியும் இருக்கையும் சேலம் எஃகில் இருந்தால் போதும். அதற்கு மேல் ஓர் அலங்காரமும் தேவைப்படாது.

★ காமலாபுரத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே ஏற்காடு. ஓடுதளத்தருகே நின்றால் சேர்வராயன் மலை நீளமாகத் தெரியும். அந்த மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட் வகை. இந்தப் பாறையை முதன்முதலில் ஆராய்ந்து எழுதிய டி. எச். ஹாலந்து, அதற்கான மாதிரிகளை எடுத்த இடம் சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம். அதாவது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கத்துக் குன்றுகள். சென்னையில் ஏறுபவரும் காமலாபுரத்தில் இறங்குபவரும் சன்னல் வழியாகப் பார்ப்பது ஒரே இனத்துப் பாறை! தரையில் பதிக்க வேண்டிய கல் எது என்று கேட்டுக்கொண்டு வேறு மாநிலம் போக வேண்டியதில்லை.

★ அந்த மலையின் தலையில் பாக்சைட் படிந்திருக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூரில் இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியக் கலவைதான். மலை, தாது, உலோகம், விமானம் என்று ஒரு கண்காட்சிச் சுவர் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

★ விமான நிலையத்தில் கோபுரம் போல உயர்த்திக் கட்ட ஆசைப்பட்டாலும் விதி விடாது. ஓடுதளத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணம் இருக்கிறது. அதன் அடித்தளம் நிலையத்தின் மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. ஓடுதளத்தை நெருங்க நெருங்க அனுமதிக்கும் உயரம் சரிந்து குறையும். ஆகவே உயரத்தில் காட்ட முடியாததை அகலத்திலும் நிழலிலும் காட்டியாக வேண்டும். திருச்செங்கோட்டு மலையைப் போல ஒரு கட்டடம் என்று யாராவது வரைந்து வந்தால் அது முதல் கூட்டத்திலேயே விழுந்துவிடும்.

★ மல்கோவா ஊர் என்பதற்காக மாமரம் நடலாமா? கூடாது. பழ மரத்துக்குப் பறவைகள் வரும், இரவில் பழந்தின்னி வௌவால் வரும். எந்திரத்தில் ஒன்று புகுந்தாலும் ஆபத்து. 1937-ம் ஆண்டு விமான விதிகளின்படி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் இறைச்சி வெட்டுவதும் குப்பை கொட்டுவதும்கூட அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. காரணம் அதே பறவைகள்தாம். பெரிய குளம் வெட்டி அழகு பார்ப்பதும் இதே வகையில் சிக்கல். நிலத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதுண்டு. பயணிகள் வரும் சாலைப் பக்கத்தில், காய்க்காத நிழல் மரங்களும் தாழ்ந்த புதர்களும் போதும்.

★ நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எத்தனை என்று எண்ணுவதைவிட, ஒன்றில் நுழைந்து பார்ப்பது நல்லது. வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்குச் சட்டம் அடித்து, தகடு வளைத்து, பற்றவைத்து, வர்ணம் தீட்டி வெளியே அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் உருவாகி இந்தியா முழுக்கப் போகின்றன. இன்றைய விமான நிலையக் கூரைகளில் பெரும்பாலானவை எஃகுச் சட்டமும் தகடும்தான். அந்த வேலை தெரிந்த கைகள் 70 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. உள்ளூர் அடையாளம் என்றதும் எல்லாரும் கோயிலுக்கு ஓடுகிறார்கள். பட்டறையும் அடையாளம்தான், அதைச் சொல்ல ஆள் இல்லை.

★ சேலம் வெள்ளிக் கொலுசையும், புவிசார் குறியீடு பெற்ற வெண்பட்டையும் ஜவ்வரிசியையும் டெர்மினலில் விற்கலாம், விற்கவும் வேண்டும். கொலுசைப் பெரிதாக்கிச் சிலையாக வாசலில் நிறுத்த மட்டும் வேண்டாம். கொலுசின் அழகு அதன் சின்னஞ்சிறு கண்ணிகளில் இருக்கிறது. அந்தக் கண்ணிக் கோவையைச் சன்னல் தட்டியாகச் செய்தால் வெயிலும் வடிகட்டி உள்ளே வரும்.

★ காமலாபுரம், தும்பிப்பாடி பக்கம் கரும்பு விளையும், வெல்லம் காய்ச்சும் ஊர்கள். 2018-ல் விரிவாக்கத்துக்கு ஏறத்தாழ 570 ஏக்கர் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தபோது காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வயலை எடுத்துவிட்டு வயலின் படத்தைச் சுவரில் வரைவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எவ்வளவு குறைந்த நிலத்தில் எவ்வளவு நல்ல கட்டடம் என்பதுதான் இந்த ஊரில் வடிவமைப்பின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நிலம் கொடுத்தவர்களின் வெல்லத்துக்கு உள்ளே ஒரு கடை ஒதுக்குவது அதற்குப் பிறகு.

★ ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர மீட்டர் கூரையில் 9 லட்சம் லிட்டர் இறங்கும். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. விமான நிலையத்தில் கூரையைவிடப் பல மடங்கு பரப்பில் தார் போட்ட தளமும் இருக்கிறது. அதில் விழும் மழை எங்கேயாவது போயாக வேண்டும்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா ஓமலூர் வழியாக எடப்பாடிப் பக்கம் ஓடிக் காவிரியில் சேர்கிறது. இந்தச் சரிவு முழுக்க ஏரிக்கு ஏரி வாய்க்கால் கோத்த பூமி. மேட்டூர் அணையின் உபரி நீரை எடுத்து வறண்ட 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 565 கோடி ரூபாயில் தொடங்கியதே இந்தப் பகுதியின் தாகத்தால்தான். ஆகவே ஓடுதளத்தை நீட்டுகிறவர்களும் டெர்மினலைப் பெரிதாக்குகிறவர்களும், முகப்புப் படத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், காமலாபுரத்தைச் சுற்றியுள்ள ஓடை, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் கிராமத்துப் பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டு நடந்து குறிக்க வேண்டும். எந்த வாய்க்கால் எந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.